ஒரே நொடியில் மென்ற ஆடுகள்

எனக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். பதவியின் பெயர் சரிபார்ப்பாளர். வட்டார நிலவாசிப்பு மையத்தில் பதினோரு வருஷமாக இதே வேலை. ஊருக்குள் நான் நுழைந்தால் ஆடு மேய்க்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "வயித்தைத் தடவுற சார் வந்துட்டார்டோய்" என்பார்கள். கேட்காத மாதிரி நடந்துவிடுவேன். பழகிப்போயிற்று.

வயிற்றைத் தடவுகிற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே சுற்றுகிற விண்கலங்களுக்குப் பச்சை தெரியும். அந்தப் பச்சை கம்பா, குதிரைவாலியா, மிளகாயா, ஒன்றுக்கும் உதவாத சீமைக்கருவேலமா என்பதில் அவற்றுக்கு எப்போதும் ஒரு தடுமாற்றம். எங்கள் கரிசல் வட்டாரத்தில் அந்தத் தடுமாற்றம் ரொம்பவே அதிகம். ஆட்டுக்கு அந்தச் சிக்கலே கிடையாது. வாயில் பட்டவுடன் இன்னது என்று அதற்குத் தெரிந்துவிடும். அப்படியானால் ஆட்டின் வயிற்றையே கேட்டுவிடலாமே என்று எவனோ ஒரு புண்ணியவானுக்குத் தோன்றியது. வேப்பம்பழம் அளவில் ஒரு குண்டு செய்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு வயித்துமணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வாயைப் பிளந்து தொண்டைக்குள் தள்ளிவிடுவோம். கனம் அதிகம் என்பதால் இரைப்பையின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆடு சாகும்வரை வெளியே வராது. ஆடு எங்கே நிற்கிறது, எதைத் தின்கிறது, எந்த நொடியில் மெல்கிறது, உடம்புச் சூடு எவ்வளவு என்று எல்லாவற்றையும் மையத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வயிற்றின் ஈரமும் சூடும்தான் அதற்கு உயிர். வெளியே எடுத்தால் ஊமையாகிவிடும்.

இந்த வயிறுகள் எல்லாவற்றையும் கோத்துத்தான் வட்டாரத்தின் பயிர்க் கணக்கும் கால்நடைக் கணக்கும் தயாராகிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, ஆடிக் கடைசியில், சனிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து திங்கட்கிழமை காலை ஆறு மணிவரை பெரிய வாசிப்பு. அந்த இரண்டு நாளில் ஓர் ஊரில் எத்தனை தலை பேசுகிறதோ அதுதான் அடுத்த ஐந்து வருஷத்துக்கு அந்த ஊரின் கணக்கு. இரண்டு ஏக்கருக்கு ஒரு தலை இருந்தால் ஊருக்கு மேய்ச்சல் நிலம் உண்டு. குறைந்தால் கிடையாது. நிலம் சூரியத்தகடு பதிக்கிறவர்களுக்குப் போய்விடும்.

வாசிப்புக்கு முந்தின புதன்கிழமை மேடம் கூப்பிட்டார். மங்கையர்க்கரசி மேடம், எங்கள் மையத்தின் தலைவர். மேசையில் டேபின் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பூவலிங்கம் சார், குருந்தனேந்தல்ல எத்தனை ஆடு?"

"எழுபத்திரெண்டு மேடம். நான் மணி போட்டதுதான்."

"அதுல அறுபத்து மூணு ஒரே நொடியில மெல்லுது."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நொடியில சார். ஒரு வாய் விடாம. இந்த வருஷம் புதுசா ஒரு சோதனை சேத்துருக்காங்கல்ல, அதுல மாட்டியிருக்கு. இங்க பாருங்க, போன திங்கக்கிழமை அறுபத்து மூணு ஆடும் டீக்கடையில வாழைப்பழத்தோல் தின்னுருக்கு. அடுத்தது கோயில்ல மாலை. அப்புறம் மிளகாய், பருத்தி. எந்தத் தோட்டத்தையும் விடல. யாரும் ஒரு புகார்கூடக் குடுக்கல."

மந்தையாக மேய்ந்தாலும் ஓர் ஆடு குனியும்போது இன்னொன்று நிமிரும். அறுபத்து மூன்று ஆடு ஒரு வாழைப்பழத்தோலைத் தின்பதாவது! அதுவும் மிளகாய்த் தோட்டத்தில் இறங்கி, தோட்டக்காரன் வாயை மூடிக்கொண்டு இருந்தானாம். எனக்குக் காது குறுகுறுத்தது. திருட்டு நாற்றம் அடிக்கும்போது எனக்கு அப்படித்தான் ஆகும்.

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார் மேடம். "வாசிப்பு முடியிறவரைக்கும் அங்கயே இருங்க. நான் ரெண்டு நாள் லீவு. எங்க ஊர்லயும் இந்த வெள்ளிதான் கிடாவெட்டு."

வியாழக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஊர் என்னைச் சந்தேகப்படத் தொடங்கிவிட்டது. ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம். கருப்பர் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டினால் ஊர்க்காரர்கள் வெளியூரில் தங்கக் கூடாது. ஆகவே திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள்கூட வந்திருந்தார்கள். டீக்கடையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நான் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது.

"தகட்டுக் கம்பெனி ஆளா?" என்றார் கடைக்காரர்.

"மையத்து ஆளு."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். எல்லாரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திங்கக்கிழமை இங்க ஆட்டு மந்தை வந்துச்சா?"

"மந்தையா? இங்கயா?" கடைக்காரர் சிரித்தார். "கிடாதான் வந்துச்சு. கருப்பர் கிடா. தோலைத் தின்னுட்டுப் போச்சு. அதை யாரு விரட்டுவா?"

நேர்ந்துவிட்ட கிடாவைப் பற்றி எனக்குத் தெரியாதா? சாமிக்கு என்று விட்டுவிட்டால் அது யார் தோட்டத்தில் வாய் வைத்தாலும் கையை ஓங்க மாட்டார்கள். ஆனால் எனக்கு வேண்டியது அறுபத்து மூன்று ஆடுகள். கிடா ஒன்றுதான். அதற்கு நான் மணியும் போடவில்லை. சாமி ஆட்டுக்கு உரிமையாளர் பெயர் என்ன எழுதுவது என்று அப்போது குழம்பி, விட்டுவிட்டேன்.

மேய்ச்சல் நிலத்துக்குப் போனேன். நூற்று நாற்பது ஏக்கர். ஆடி வெயிலில் பொட்டல்தான் என்றாலும் முழுப் பொட்டல் இல்லை. உடைமர நிழலும், காய்ந்த கொழுக்கட்டைப் புல்லும், மழை விழுந்தால் ஒரு வாரத்தில் எழுந்துகொள்ளும் வேர்களும் இருந்தன. கம்பு அறுத்த தாள் முடிந்து, அடுத்த மழை விழும்வரை இந்த வட்டாரத்து ஆடுகளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. நடுவே ஒரு பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும், தொரட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். அரியநாச்சி. ஊர் ஆடு எல்லாவற்றையும் சேர்த்து மேய்ப்பவள். ஐந்து வருஷத்துக்கு முன் நான் மணி போட்டபோது ஒவ்வோர் ஆட்டையும் பெயர் சொல்லிப் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். அவளைச் சுற்றி ஒன்பது பெட்டை ஆடுகள் நின்றன. ஒன்பதே ஒன்பது.

"மத்ததெல்லாம் எங்கத்தா?"

"மேயுது சார்."

"எங்க?"

"எங்கிட்டுப் புல்லு இருக்கோ அங்கிட்டு."

"யாரு மேய்க்கிறா? நீ இங்க நிக்கிறயே?"

"கருப்பர் மேய்க்கிறாரு" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை. கேலி செய்கிறாளா, நிஜமாகச் சொல்கிறாளா என்று புரியாமல் எனக்குக் கோபம் வந்தது.

டேபைத் திறந்தேன். படத்தில் ஒன்பது புள்ளிகள் என் காலடியில். மீதி அறுபத்து மூன்றும் ஒரே புள்ளியாக, ஒன்றின்மேல் ஒன்றாக, கோயில் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. மணிகளைச் சாக்கில் கட்டி வெந்நீரில் போட்டு எவனாவது தூக்கிக்கொண்டு அலைகிறானோ? அப்படியும் செய்திருக்கிறார்கள். ஒருவன் மணியைத் தயிர்ப்பானையில் போட்டு அடுப்பு ஓரத்தில் வைத்திருந்தான். தயிர் அசை போடாது என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் இந்தப் புள்ளி அசை போடுகிறது, நடக்கிறது, பருத்திக் காட்டில் நின்று இலை கடிக்கிறது.

புள்ளியின் பின்னாலேயே போனேன். பருத்திக் காடு, கிணற்றடி, கோயில் மதில். மதில் நிழலில் அது படுத்திருந்தது. கருகருவென்று, கழுத்தில் காய்ந்த மாலையோடு, கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு வெள்ளாட்டுக் கிடா. என்னைப் பார்த்துச் சாவகாசமாக அசை போட்டது. டேபில் அறுபத்து மூன்று ஆடுகள் அசை போட்டன. அது நிறுத்தியது. அறுபத்து மூன்றும் நிறுத்தின.

பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அதன் இடது விலாவில் வைத்தேன். ஆட்டு இரைப்பை நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது புரண்டு கொடுக்கும். தூரத்து இடி மாதிரி ஒரு சத்தம் வரும். இதற்கும் வந்தது. கூடவே சோழி குலுக்குகிற சத்தமும் வந்தது.

"கேட்டுருச்சா?" என்றாள் அரியநாச்சி. எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

ஸ்டெதாஸ்கோப்பை உருவிப் பைக்குள் திணித்தேன். "அடிப்பாவி! மத்த ஆட்டையெல்லாம் வித்துத் தின்னுட்டு, மணியை மட்டும் எடுத்து இது வயித்துல போட்டுருக்க!"

"விக்கல சார்." தொரட்டியைக் கீழே போட்டாள். "வித்திருந்தா இப்படி நிப்பனா? முந்துன வருசம் ஐப்பசியில நீலநாக்கு வந்துச்சுல்ல. பத்தே நாளு. காலைல எந்திரிச்சா நாலு கெடக்கும், சாயங்காலம் ஆறு கெடக்கும். நாக்கு நீலம் பாரிச்சு, வாயெல்லாம் நொரை. அறுபத்து மூணையும் இந்தக் கையாலதான் பொதைச்சேன். பொதைக்கிறதுக்கு முந்தி ஒவ்வொண்ணா வயித்தைக் கீறி மணியை எடுத்தேன். ஒங்களுக்கு அது லேசா? பேரு வச்சுக் கூப்புட்ட ஆடு சார்."

"செத்ததுக்கு அரசாங்கம் நிவாரணம் குடுக்கும்ல? எழுதிக் குடுக்க வேண்டியதுதானே?"

"எழுதிக் குடுத்தா ஆடு செத்துப்போச்சுன்னு ஆயிரும்ல."

அவள் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. செத்த ஆட்டுக்கு நிவாரணம் வாங்கினால் கணக்கில் ஒன்பது தலைதான் மிஞ்சும். ஒன்பது தலைக்கு நூற்று நாற்பது ஏக்கர் யார் விட்டுவைப்பார்கள்? பத்தொன்பது வீட்டு ஆடுகள் அவை. அந்தப் பத்தொன்பது வீடும் ஒரு வார்த்தை வெளியே விடாமல், வரவேண்டியதையும் கேட்காமல், சாவையே மறைத்து வைத்திருக்கின்றன. ஒரு வயிற்றில் எல்லாவற்றையும் போட்டது ஏன் என்றும் விளங்கிவிட்டது. எந்த நிலையிலும் விற்கப்படாத, களவுபோகாத, யாரும் கைவைக்காத ஒரே ஆடு அதுதான்.

"இருந்தாலும் ஒன்பது ஆட்டுக்கு இவ்வளவு நெலமா? நியாயமா இது?" என்றேன். என் வேலை அதுதானே.

"ஒன்பது இன்னும் அஞ்சு வருசத்துல எழுபதாயிரும். ஆடு குட்டி போடும். நெலம் குட்டி போடுமா சார்?"

எனக்கு வேறோர் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பெயர் வேண்டாம். போன வாசிப்பில் அங்கே நூற்று முப்பத்தெட்டு ஏக்கருக்கு அறுபத்தேழு தலை இருந்தது. இரண்டு தலை குறைவு. இரண்டே இரண்டு. உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது அந்த வழியாகத்தான் தினமும் பஸ்ஸில் போகிறேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் தகடு. ஆடு மேய்த்த குடும்பம் அந்தத் தகடுகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் பஸ்ஸை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான்தான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன்.

"என்ன எழுதப் போறீக?" என்றாள்.

"நான் ஒண்ணும் எழுத வேண்டியதில்ல. நாளைக்குக் கிடாவை வெட்டிருவீங்க. அறுபத்து மூணும் ஒண்ணா ஊமையாயிரும். சனிக்கிழமை வாசிப்புல தானா தெரிஞ்சுபோகும்." கோழைத்தனமான பதில்தான். அப்போது அது எனக்கு வசதியாக இருந்தது. "ஒரு வாரம் தள்ளி வெட்டுனா என்ன?"

"காப்புக் கட்டியாச்சு. அஞ்சு வருசத்துக்கு முந்தி நேர்ந்த நேர்ச்சை. கருப்பருக்குச் சொன்ன தேதியை மாத்த முடியுமா? நெலத்துக்காகச் சாமியை ஏமாத்துனா, அந்த நெலத்துல புல்லு மொளைக்குமா?"

"அப்ப?"

"வேற வயிறு பாக்கணும்" என்றாள். "மாட்டுக்குப் போடலாம்னா மாட்டுல ஏற்கனவே மணி கெடக்கு. நாய்க்குப் போட்டுப் பாத்தோம், கக்கிருச்சு. கோழிக்குத் தொண்டை பத்தல."

"அப்புறம்?"

"மனுசந்தான் மிச்சம்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "யாரு சொன்னா இந்த யோசனையை?" என்று கேட்டேன்.

"சந்தையில காதுல விழுந்துச்சு."

"யார் வாயிலருந்து?"

அவள் ஒன்பது ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. கருப்பர் கோயில் முன்னால் ஊரே நின்றது. பூசாரி மாயழகு கிடாவைக் குளிப்பாட்டி, மாலை போட்டு நிறுத்தினார். எங்கள் பக்கத்தில் கிடாவை அப்படியே வெட்டிவிட மாட்டார்கள். மஞ்சள் தண்ணீரைத் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்காவிட்டால் அரிவாள் இறங்காது.

மாயழகு தண்ணீர் தெளித்தார். கிடா சும்மா நின்றது. "கருப்பா, என்னப்பா கொறை?" என்று கேட்டு மறுபடி தெளித்தார். காதைக்கூட ஆட்டவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. எல்லாக் கண்ணும் என்மேல். வெளியாள் நின்றதால் சாமி கோபித்துக்கொண்டது என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். நானோ உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். துலுக்காதே, துலுக்காதே. நீ துலுக்காவிட்டால் வாசிப்பு முடியும்வரை உனக்கும் உயிர், இந்த ஊருக்கும் நிலம், எனக்கும் ஒரு தொல்லை இல்லை.

மூன்றாவது தடவை தண்ணீர் முதுகில் விழுந்தது. கிடா தலையிலிருந்து வால்வரை ஒரு உலுக்கு உலுக்கியது. அதன் வயிற்றுக்குள் அறுபத்து மூன்று மணிகளும் கலகலவென்று குலுங்கின. கூட்டம் மொத்தத்துக்கும் கேட்டது. ஒருவர்கூடக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. குலவைச் சத்தம் எழுந்தது. அரிவாள் இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன். இரைப்பையைக் கழுவி, மணிகளை எடுத்து, மஞ்சள் தண்ணீரில் அலசி, பித்தளைத் தாம்பாளத்தில் பரப்பி அரியநாச்சி கொண்டுவந்தாள். ஒரு வாய்க்கு ஒரு மணி. ஒரே ஆள் இரண்டு விழுங்கினால் பழையபடி ஒரே நொடியில் மெல்லும், மாட்டிக்கொள்வோம் என்று அவளே விளக்கினாள். பிள்ளைத்தாய்ச்சிகள், சின்னஞ்சிறுசுகள், மூச்சிரைக்கிறவர்கள் எல்லாரையும் முன்னமே கழித்துவிட்டிருந்தாள். ஆட்கள் வரிசையில் வந்தார்கள். திருநீறு வாங்குகிற மாதிரி உள்ளங்கையை நீட்டி வாங்கினார்கள்.

"ஏய் செவத்தி, நீ ஆடாகுறதுக்கு மணி வேற முழுங்கணுமா?" என்று ஒருத்தி கேட்க, பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. அந்தச் செவத்தி விழுங்கும்போது மணி தொண்டையில் நின்றுவிட்டது. கண் பிதுங்கியது. அரியநாச்சி முதுகில் ஓங்கி அறைந்தாள். உள்ளே போயிற்று. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. திருப்பூரிலிருந்து வந்த ஒருவர் விழுங்கிவிட்டு, "எங்கய்யா வளர்த்த ஆடு" என்று சொல்லி அழுதார்.

பூசாரி மாயழகு என்னிடம் வந்தார். "சார், நீங்க படிச்சவுக. இது ரெண்டு நாளு வயித்துல தங்குமா?"

என்ன தைரியம் பாருங்கள், என்னிடமே கேட்கிறார்! "பழம், கீரை, கடலை எதையும் தொடக்கூடாது" என்று என் வாய் சொன்னது. "மோர், இல்லாட்டிக் கொஞ்சம் கூழு. அவ்வளவுதான்." சொல்லி முடித்த பிறகுதான் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.

கடைசியில் தாம்பாளத்தில் மூன்று மணிகள் மிஞ்சின. விழுங்கியவர்கள் அறுபது பேர். உயிரோடு ஒன்பது ஆடு. ஆக அறுபத்தொன்பது. வேண்டியது எழுபது.

ஒரு தலை குறைவு.

அரியநாச்சி யாரையும் கேட்கவில்லை. தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அவள் கண்ணைப் பார்க்கப் பயமாக இருந்தது. பஸ் ஜன்னலில் நான் தினமும் பார்க்கிற தகடுகள் ஞாபகத்துக்கு வந்தன. இன்னொரு விஷயமும் மனதில் ஓடியது. ஆட்டு உடம்புச் சூடு நூற்றிரண்டு, மனித உடம்புக்குத் தொண்ணூற்றெட்டு. மணி அதைச் சும்மா விடாது, எச்சரிக்கை அனுப்பும். ஆனால் இந்த ஊர் எச்சரிக்கை யாரிடம் வரும்? சரிபார்ப்பாளரிடம்தான். என்னிடம்தான்.

எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். நெஞ்சு வலித்தது. அப்புறம் சரியாகிவிட்டது.

"இது எந்த ஆடு?" என்று கேட்டேன்.

மணியில் இருந்த எண்ணை அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள். "சீதேவி சார். ரெட்டைக் குட்டி போட்ட ஆடு. நல்ல ஆடு" என்றாள்.

சனியும் ஞாயிறும் அங்கேயே இருந்தேன். டேபில் எழுபது புள்ளிகளும் தனித்தனியாக ஊர் முழுக்க நடமாடின. ஆடுகள் குளத்தில் குளித்தன. சீட்டாடின. புருஷன் பெண்டாட்டி ஆடுகள் இரண்டு மூலைக்கு ஒன்றாக முறைத்துக்கொண்டு நின்றன. அறுபத்தொரு ஆடும் கம்பங்கூழ் குடித்தன. மையத்துக் கணக்கில் எல்லாவற்றுக்கும் "கம்பு" என்று விழுந்தது. இந்த வட்டாரத்துப் பயிர்தானே. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. திங்கட்கிழமை ஆறு மணிக்கு வாசிப்பு முடிந்தது. குருந்தனேந்தல், எழுபது தலை, மேய்ச்சல் நிலம் தொடரும். அரியநாச்சி கும்பிட்டாள். நான் கும்பிடவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்தேன். இரண்டு நாள் அரைப்பட்டினிக்குப் பஸ் நிலையத்தில் இரண்டு வடை சாப்பிட்டேன்.

அலுவலகத்தில் மேடம் எனக்கு முன்னால் வந்திருந்தார். மேசையில் ஒரு டம்ளர் மோர். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"உக்காருங்க சார். தலைமை ஆபீஸ்லருந்து அவசரம்னு வந்துருக்கு" என்று டேபைத் தள்ளினார்.

படித்தேன். ஆடுகளுக்குப் புது நோய் என்று போட்டிருந்தது. உடம்புச் சூடு நான்கு டிகிரி குறைவு. மேய்ச்சல் குறைந்து கம்பு, சோறு, மோர். தலைமையே அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டது, குளிர்நோய் என்று. பாதிக்கப்பட்ட தலைகளை உடனே தனியாக அடைக்கவும், பரவினால் அழிக்கவும் என்று கீழே பரிந்துரை இருந்தது. எச்சரிக்கை என்னைத் தாண்டி மேலே போகலாம் என்று பாதி எதிர்பார்த்துத்தான் இருந்தேன். நூறு சாக்கு யோசித்து வைத்திருந்தேன். ஆனால் எண்ணிக்கையைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அறுபத்தொன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாயிரத்து முந்நூற்று ஆறு என்று இருந்தது. நாற்பத்தொரு கிராமம்.

அந்த நாற்பத்தொரு கிராமத்திலும் சேர்த்துப் பதிவில் உள்ளது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் தலைதான். மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். மறுபடியும் கழித்துப் பார்த்தேன். அறுநூறுகூட வரவில்லை. பதினோரு வருஷமாக இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு வயிறும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடுகள் எப்போதோ போய்விட்டிருக்கின்றன. நாங்கள் வரைந்து வைத்திருந்த படத்தில் மட்டும் அவை அழகாக மேய்ந்துகொண்டிருந்தன.

"எல்லா ஊர்லயுமா மேடம்?" என்று கேட்டேன்.

மேடம் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மாவட்டம், நகரம், தெரு, எங்கள் அலுவலகக் கட்டடம். உள்ளே இரண்டு புள்ளிகள். ஒரு மேசையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"பூவலிங்கம் சார், காலைல என்ன சாப்டீங்க?"

"வடை மேடம்."

"எத்தனை?"

"ரெண்டு."

"ஆமா. ரெண்டுன்னுதான் போட்டுருக்கு."

நான் மற்ற புள்ளியைத் தொட்டேன். தென்னவராயன் கோட்டை, ஆடு எண் நூற்றுப் பதினேழு. இரண்டு நாளாக மோர் மட்டும். மேடத்தின் சொந்த ஊர் அது. அங்கேதான் அவர் அண்ணன் ஆடு வைத்திருந்தார். வைத்திருந்தார் என்றுதான் இனிச் சொல்ல வேண்டும். நான் நிமிர்ந்தபோது மேடம் மோர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை.

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தலைமையிலிருந்து ஆள் அனுப்புவதாக அந்தக் கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. மேடம் சட்டென்று சரிபார்ப்புப் படிவத்தைத் திறந்து, விரலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"சீக்கிரம் சொல்லுங்க சார். இந்த ரெண்டு ஆட்டையும் நேர்ல பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

"எப்படி இருக்கு?"

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சந்தேகமே இல்லாமல் ஒரு பதில் சொன்னேன்.

"ரெண்டும் பயந்துபோய் இருக்கு."